கல் இருந்தது, எல்லை அங்கே இல்லை

பொங்கலுக்கு வந்த பேத்தி திண்ணையில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டே சொன்னாள்: "எடை இல்லாதது, இடத்தை அடைக்காதது எதையும் இருக்குன்னு சொல்லக் கூடாது தாத்தா. மத்ததெல்லாம் நம்ம மண்டைக்குள்ள ஓடுற நெனப்புதான்." திருச்சியில் இயற்பியல் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. அந்த வயதில் அப்படித்தான் பேச வேண்டும்.

"அப்ப நான் 34 வருஷம் என்னத்த அளந்தேன் பாப்பா?"

"நெலத்த."

"நெலத்த அளக்கல. எல்லையத்தான் அளந்தேன்."

"எல்லை வெறும் கோடு. கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கெடையாது. அப்படி ஒண்ணு உலகத்துல எங்கயுமே இல்ல. பள்ளிக்கூடத்துலயே சொல்லிட்டாங்க."

சக்கையைத் துப்பிவிட்டு அடுத்த கணுவுக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. ஓய்வு பெற்ற சர்வேயருக்கு விழித்துக் கிடப்பது ஒன்றும் புதிதில்லை. யார் தோப்பில் எந்தக் கல்லைத் தப்பாக நட்டோமோ என்று மனசு தேடிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு கல் எனக்கு நிஜமாகவே உண்டு. அதைச் சொல்லாமல் இந்த வழக்கை என்னால் வாதாட முடியாது.

அதற்கு முன் வரப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் எல்லை எது என்று கேட்டால் வரப்பைக் காட்டுவார்கள். வரப்புக்கு அகலம் உண்டு, எடை உண்டு, நண்டு வளை கூட உண்டு. பேத்திக்குப் பிடித்த மாதிரியான பொருள். ஆனால் வரப்பு நடக்கும். ஒவ்வொரு போகத்துக்கும் அண்டை வெட்டும்போது ஒரு மண்வெட்டிக் கனம் தன் பக்கம் சீவி, அந்த மண்ணை எதிராளி பக்கம் அப்பிவிட்டால் போதும். பத்து வருஷத்தில் வரப்பு ஒரு முழம் தள்ளிப் போயிருக்கும். எல்லை போயிருக்காது. கோர்ட்டுக்கு வருகிற வரப்புத் தகராறு அத்தனையும் இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கிற ஒரு முழத்தில்தான் பிழைக்கிறது.

இப்போது என் கல். 1988, முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமம். பக்கத்துப் பக்கத்து இரண்டு தென்னந்தோப்பு. ஒன்று ஓர் அம்மாவுக்கு. வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இன்னொன்று ஒரு பெரியவருக்கு. நடுக்கல் காணோம் என்று இருவரும் சேர்ந்தே மனு போட்டிருந்தார்கள். சண்டை இல்லை. புலப்படத்தை விரித்தேன். அதில் ஜி லைன் என்று ஒரு குறுக்குக் கோடு போட்டிருப்பார்கள். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லை நோக்கி அந்தக் கோட்டின் மேலேயே இத்தனை மீட்டர் நட. அங்கே நின்று செங்கோணத்தில் வலமோ இடமோ இத்தனை மீட்டர் போ. காணாமல் போன கல்லின் இடம் கிடைக்கும். பக்கவாட்டில் போகிற அந்த அளவுக்கு ஆஃப்செட் என்று பெயர். என் ஆஃப்செட் 0.8 மீட்டர். படத்தில் அது வலப்பக்கம் இருந்தது. நான் இடப்பக்கம் போனேன். மத்தியான வெயில், படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன், செயின்மேனுக்குப் பசி. காரணம் எதுவாக இருந்தாலும், 1.6 மீட்டர் தள்ளிக் கல்லை நட்டுவிட்டு, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அந்த அம்மா கொடுத்த இளநீரையும் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆறு வருஷம் கழித்து, 1994இல், வேறொரு உட்பிரிவு வேலைக்காக அந்தப் புலப்படம் மறுபடி என் மேஜைக்கு வந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கணக்குப் போட்டேன். அந்த அம்மாவுக்கு ஒரு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவாகப் போயிருந்தது. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

அப்போதைய மேலதிகாரி நல்ல மனுஷர். "விடுய்யா. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க, கையெழுத்துப் போட்டாங்க, ஆறு வருஷமா ஒரு முணுமுணுப்பு இல்ல. ஒத்துக்கிட்டதுதானே எல்லை?" என்றார்.

யோசித்துப் பாருங்கள், பேத்தி சொன்னதன் அடுத்த படி இதுதான். உடம்பில்லாததெல்லாம் நாம் சேர்ந்து ஒப்புக்கொண்ட நினைப்பு மட்டுமே என்றால், அந்த இரண்டு பேரும், ஊரும், சர்க்காரும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான் எல்லை இருந்தது. நான் தப்பே செய்யவில்லை. ஆனால் நான் தப்பு செய்திருந்தேன். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. தப்பு என்றால் எதைக் குறித்துத் தப்பு? கல்லைக் குறித்தா? கல் அழகாக நின்றது. கருங்கல், தலையில் அம்புக்குறி எல்லாம் பார்த்து நட்டது. எதை விட்டு அந்தக் கல் 1.6 மீட்டர் விலகி நின்றதோ, அந்த ஒன்று அங்கே இருந்தாக வேண்டும். தொடமுடியாது, பார்க்க முடியாது, அதன் மேல் தடுக்கி விழ முடியாது. ஆனாலும் அது இருந்த இடத்தை சென்டிமீட்டர் சுத்தமாகக் காட்ட முடியும். ஊரே சேர்ந்து அதைப் பற்றித் தப்பாக நினைக்க முடியும்.

அப்படியானால் எல்லை காகிதத்தில் இருக்கிறது, காகிதம் பொருள்தானே என்று கேட்கலாம். பிறகு இதைச் சொன்னபோது பேத்தியும் கேட்டாள். காகிதமும் தப்பும். பழைய பத்திரத்தையும் நான்கெல்லையையும் வைத்துப் புலப்படத்தையே திருத்திய அனுபவம் இல்லாத சர்வேயர் இருக்க மாட்டார். கல்லைத் திருத்தக் காகிதம், காகிதத்தைத் திருத்தப் பத்திரம், பத்திரத்தில் எழுத்துப் பிழை என்றால் பிழைத்திருத்தல் பத்திரம். இத்தனை திருத்தமும் எதை நோக்கிப் போகிறதோ அது இவற்றில் எதுவும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு, வாயில் வருவதெல்லாம் இருக்கிறது என்று நான் சொல்லிவிட மாட்டேன். எங்கள் சரகத்தில் ஒரு புளியமரத்தடியில் முனி இருக்கிறது என்பார்கள். செயின்மேன் ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் சங்கிலியை இழுத்துக்கொண்டு வர மாட்டான். ஒருவர் அது வெள்ளை வேட்டி கட்டியிருந்தது என்றார். இன்னொருவர் குதிரையில் வந்தது என்றார். மூன்றாமவர் குரல் மட்டும்தான் என்றார். இதில் யார் சொன்னது தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வழியே கிடையாது. தப்பாகச் சொல்லவே முடியாத ஒன்றை நான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே முனியின் பெயரில் அதே இடத்தில் 14 சென்ட் பட்டா இருந்தது. அந்த 14 சென்ட்டை 12 என்று எழுதினால் அது தப்பு. ராத்திரியில் உலாவுகிற முனி இல்லை. நிலச் சொந்தக்காரரான முனி இருக்கிறார். என் பதிவேடு அப்படித்தான் சொன்னது, நானும் அப்படியே நம்பினேன்.

உடம்பு இருப்பதும் இருப்பதும் ஒன்றல்ல என்பதை நம் ஆட்கள் முயற்கொம்பை வைத்தே சொல்லிவிட்டார்கள். முயலுக்குக் கொம்பு முளைத்தால் அதற்கு எடை இருக்கும், கையால் பிடித்துத் தூக்கலாம். முழுக்க முழுக்க உடம்புள்ள சரக்கு. ஆனால் இல்லை. வழிநடைப் பாத்தியம் என்று பத்திரத்தில் எழுதுகிறோமே, அதற்கு எடையும் இல்லை, தூக்கவும் முடியாது. ஆனால் உண்டு. 'உண்டு' என்ற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆள் வீட்டில் இருக்கிறார் என்போம். அவருக்கு அந்தக் கிணற்றில் பாத்தியம் உண்டு என்போம். பாத்தியம் இருக்கிறது என்றாலும் குற்றமில்லை, ஆனால் வாய் தானாக உண்டு என்றுதான் போகிறது. நன்னூல்காரர் பெயர்ச்சொல்லை ஆறாகப் பிரித்தபோது பொருளுக்குப் பக்கத்திலேயே காலத்தையும் குணத்தையும் தொழிலையும் உட்கார வைத்தார். எதற்கும் தரையில் இடம் போடவில்லை.

இதிலெல்லாம் எனக்கு ரொம்பப் பிடித்தது ஆடு.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்து விளக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு விளக்கு நாள் தவறாமல் எரிய தினம் ஓர் உழக்கு நெய். அதற்காக ஓர் இடையர் பொறுப்பில் 96 ஆடு விடுவார்கள்; பசுவானால் 48; எருமையானால் 16. இப்படி விளக்குக்கு விட்ட ஆட்டுக்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு பெயர் வரும்: சாவா மூவாப் பேராடு. சாகாத, கிழடு தட்டாத ஆடு! படிக்கிறவருக்குச் சிரிப்பு வரலாம். எழுதினவருக்கு ஆடு சாகும் என்று தெரியாமலா இருக்கும்? ஆடு சாகும், குட்டி போடும், நரி தூக்கிக்கொண்டு போகும், இடையரும் செத்துப் போய் அவர் மகன் பட்டியைப் பார்ப்பான். அப்போதும் கோயில் கணக்கில் 96 சாகாது. உழக்கு நெய் வந்தாக வேண்டும். ரத்தமும் சதையுமாக மேய்கிற ஆட்டுக்கு மேலே, மேயாத ஓர் ஆட்டு மந்தையை அந்தக் கணக்கர்கள் உண்டாக்கி வைத்தார்கள். சூரிய சந்திரர் உள்ளவரை என்றும் எழுதி வைத்தார்கள்.

பேத்தி கேட்டாள், "இப்ப அந்த ஆடெல்லாம் எங்க தாத்தா?" செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வேன்? சாகாதது என்று கல்லில் வெட்டியிருக்கிறதே. நெய் கேட்க ஆள் இல்லாமல் போனது, கொடுக்க ஆள் இல்லாமல் போனது என்பதுதான் உண்மை. மனிதன் உண்டாக்கின உடம்பில்லாத பொருளுக்கு அந்த ஆபத்து உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே கணக்கில் வேறொன்றும் இருக்கிறது. விளக்குக்கு 96 ஆடா, 90 ஆடா என்று ராஜா முடிவு செய்யலாம். 48இன் இரட்டிப்பு 95 என்று அவரால் ஆணை போட முடியாது. அது ராஜராஜனுக்கு முன்னாலும் 96, நான் போன பிறகும் 96. இயற்பியல் படிக்கிறவள் தினம் நோட்டில் எழுதுகிற கணக்குக்கே எடை கிடையாது. இதைச் சொன்னதும் அவள் கொஞ்சம் முகத்தைச் சுளித்தாள். எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

என் உண்மையான ஆத்திரம் தத்துவத்தின் மேல் இல்லை. "இது வெறும் கோடு", "இது வெறும் காகிதம்" என்று சொல்கிறவர்கள் எப்போது அப்படிச் சொல்கிறார்கள் என்பதை 34 வருஷம் பார்த்துவிட்டேன். வாய்க்கால் புறம்போக்கில் வீடு கட்டியிருந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஒங்க ரெக்கார்டுலதான் சார் வாய்க்கா இருக்கு. தரையில எங்க இருக்கு, காட்டுங்க." பேசும்போது அவர் கையில் பாலிதீன் உறை போட்ட ஒரு தாள் இருந்தது. அது அவருடைய இன்னொரு மனையின் பட்டா. அதை வெறும் காகிதம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் தண்ணீர் அந்தப் பழைய வாய்க்கால் வழியாகவே வந்து அவர் அடுப்படியில் நின்றது. அதற்கு நான் பொறுப்பில்லை.

இதே நாடகம் லண்டன் வரை போயிருக்கிறது. பத்தூர் நடராஜர் வழக்கு பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்போதைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயில் மண்ணிலிருந்து 1976இல் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. நடராஜர் கை மாறிக் கை மாறிக் கடல் தாண்டினார். 1982இல் பம்ப்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கனடா கம்பெனி 2,50,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. பழுது பார்ப்பதற்காக பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது. சிலை யாருடையது என்று வழக்கு. நம் பக்கத்திலிருந்து உரிமை கோரி நின்றவர்களில் அந்தக் கோயிலும் ஒன்று, அந்த இடத்தில் கிடைத்த சிவலிங்கமும் ஒன்று. கம்பெனி தரப்பு என்ன சொன்னது தெரியுமா? கோயில் ஓர் ஆள் இல்லை, அது வழக்குப் போட ஆங்கிலச் சட்டத்தில் இடமில்லை என்றது. சொன்னது யார்? ஒரு கம்பெனி! அதற்கு மட்டும் கை கால் இருந்ததா, மூச்சு இருந்ததா? பங்குதாரர்கள் மாறலாம், இயக்குநர்கள் சாகலாம், கம்பெனி சாகாது, மூவாது. பேராடு மாதிரிதான். உடம்பில்லாத ஒருவர், உடம்பில்லாத இன்னொருவரைப் பார்த்து நீ இல்லை என்கிறார்.

1988இல் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. மேல்முறையீட்டிலும், 1991இல், கோயில் வென்றது. தரையில் கற்குவியலாகக் கிடந்தாலும் இந்தியச் சட்டப்படி அது சொத்துக்கு உரிய ஓர் ஆள், ஆகவே இங்கிலாந்திலும் வழக்காடலாம் என்றார்கள். சிவலிங்கம் தனியாக வழக்காடலாமா என்ற கேள்விக்குள் மேல்முறையீட்டு நீதிமன்றம் போகவேண்டிய அவசியம் வரவில்லை. அதே வருஷம் நடராஜர் நாடு திரும்பினார். கோயிலின் கூரை போய்விட்டது, சுவர் போய்விட்டது, பூசை நின்றுவிட்டது. சொத்துரிமை மட்டும் அந்த இடிபாட்டில் யாரும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது.

நம் ஊருக்கு இது ஒன்றும் புதிதில்லை. சோழர் காலத்தில் சிவன் கோயில் நிலத்தை வாங்குவதும் விற்பதும் சண்டேசுவரர் பெயரில்தான் நடந்தது. இன்றைக்கும் பிராகாரம் சுற்றி வரும்போது அவர் சன்னதியில் கையைத் தட்டிக் காட்டுகிறோம், உன் சாமான் எதையும் எடுத்துப் போகவில்லை பாரப்பா என்று. 1969இல் நம் உச்ச நீதிமன்றம் தெய்வத்தின் வருமானத்துக்கு வரி போடலாம் என்றே சொல்லிவிட்டது. வரி கட்டுகிறவரை இல்லை என்று சொல்ல எந்த ஆபீசருக்கும் மனசு வராது.

"எல்லாம் சட்டம் தாத்தா. சட்டம் சொல்றதால இருக்கு. நாளைக்கே சட்டத்த மாத்தினா போச்சு." இது அவளுடைய கடைசிக் கோட்டை. நியாயமான கோட்டைதான். பதிலுக்கு என் வீட்டுக் கதையைச் சொன்னேன்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். மொய் எழுதுகிற சீமை. 77 புயலில் எங்கள் மண்சுவர் வீடு கரைந்தபோது அப்பாவின் மொய் நோட்டும் போய்விட்டது. அப்பா 83இல் போய்ச் சேர்ந்தார். யார் யாருக்கு எவ்வளவு செய்தார் என்பது அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 90இல் தங்கை கல்யாணத்துக்கு, முன்பின் பார்த்திராத ஒரு பாட்டி இரண்டு பஸ் மாறி வந்தார். மொய் எழுதுகிற இடத்தில் 125 ரூபாயை வைத்து, "பழசு 25, புதுசு 100னு தனித்தனியா எழுதுங்க தம்பி" என்றார். அப்பா 74இல் அவர் மகன் காதுகுத்துக்குச் செய்தது அந்த 25. அவர்கள் நோட்டும் அதே புயலில்தான் போயிருந்தது. சட்டம் கேட்காது. எழுத்து இல்லை. வாங்க வேண்டிய எங்களுக்கே தெரியாது. அந்தக் கிழவி சும்மா இருந்திருந்தால் ஒரு குருவி கூடக் கேட்டிருக்காது. ஆனாலும் அந்த 25 ரூபாய் 16 வருஷம் எங்கேயோ இருந்திருக்கிறது.

"அந்தப் பாட்டி ஞாபகத்துல இருந்துச்சு," என்றாள் பேத்தி.

"அவங்க மறந்துபோயிருந்தா?"

"அப்ப இல்ல."

"மறந்தா கடன் தீந்துடுமா? அப்ப எல்லாரும் மறந்துட்டுப் போலாமே."

பதில் சொல்லவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. நான் அவளைத் தோற்கடித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அவள் படித்துவிட்டு போன் போட்டுத் திட்டுவாள். மறப்பது ஒன்று, தீர்வது வேறு என்பது என் கட்சி. அவள் கட்சி அவளுக்கு.

அந்த 1.6 மீட்டருக்கு வருகிறேன். மேலதிகாரி பேச்சைக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் இரண்டு வீட்டாரையும் தோப்புக்கு வரச் சொல்லி, படத்தை விரித்து, இந்தத் தடவை நேராகப் பிடித்து, கைகட்டி நின்று சொன்னேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்தத் துண்டில் அவர் மூன்று தென்னை வைத்து, அப்போதுதான் பாளை விட ஆரம்பித்திருந்தது. அந்த அம்மாதான் பேசினார். "கல்ல சரியான எடத்துல நட்டுடுங்க அய்யா. மரம் அண்ணன் வச்சது, காய அவுக பறிச்சிக்கட்டும். மட்டையும் கீத்தும் எங்க பக்கம் விழுகும், அது எங்களுக்கு." அவ்வளவுதான். எழுத்தில்லை, சாட்சி என்றால் நான் ஒருவன்.

இருவரும் இப்போது இல்லை. 2018 கஜா புயலில் அந்தப் பக்கம் தோப்பு தோப்பாக மரம் சாய்ந்தபோது இந்த மூன்றும் சாய்ந்தன. நிவாரணம் நிலத்துக்காரரான அந்த அம்மா மகன் கணக்குக்கு வந்தது. அவன் மூன்று மரத்துப் பணத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவர் மகனிடம் கொடுத்திருக்கிறான். இவன் வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தின கூலியைக் கேட்டு, அதை மட்டும் அதிலிருந்து எடுத்து அவனிடமே திருப்பிக் கொடுத்தானாம்.